பதினேழாவது ஹாம்

ஊரே தூக்கிவைத்துப் பாராட்டிய ஒரு காரியத்துக்காக ஒருவர் வெட்கப்பட முடியுமா? விதிப்புத்தகம் அதைப் பிழை என்று சொல்லவில்லை. நண்பன் குறை சொல்லவில்லை. போதகர் பாவம் என்று சொல்லவில்லை. அப்படியிருந்தும் ஒருவர் இருபத்தைந்து ஆண்டுகள் தலை நிமிராமல் நடந்தால், அந்த வெட்கம் எதைப் பற்றியது? அமெரிக்காவின் லோரி ஷோல்ஸ் ஊரில் கார்லண்ட் ரைனைத் தெரிந்தவர்கள் இதைக் கேட்டுக்கொண்டதில்லை. அவர்களுக்கு அவர் ஹாம் ரைன். அந்தப் பெயரை அவர்கள் அன்போடுதான் சொன்னார்கள். அவர் காதில் மட்டும் அது வேறு மாதிரி விழுந்தது.

பெயர் வந்த ஆண்டு 1949. ஊரின் பேஸ்பால் அணியான வீவர்ஸுக்கு அவர் பந்தெறிந்துகொண்டிருந்தார். தொழில்முறை லீக்தான், ஆனால் ஏணியின் அடிப்படி. எட்டு ஊர்கள், எட்டும் பஞ்சாலை ஊர்கள். ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் பருவம் முடிந்ததும் ஆலைக்குள் திரும்பிவிடுவார்கள். அந்த ஆண்டு வசந்தத்தில் மளிகைக்கடை லட்விக் ஒரு வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். வீவர்ஸ் ஜெயிக்கும் ஒவ்வோர் ஆட்டத்திலும் வெற்றி எந்தப் பந்தெறிபவரின் பெயரில் எழுதப்படுகிறதோ அவருக்கு ஒரு ஹாம். உப்புத் தடவி, ஹிக்கரி விறகின் புகையில் மாதக்கணக்கில் தொங்கிய முழுப் பன்றித்தொடை. ஆட்டம் முடிந்ததும் லட்விக் வெள்ளை ஏப்ரனோடு மைதானத்துக்குள் வருவார். துணிப்பையில் கட்டிய ஹாமைக் குழந்தையைத் தூக்குவதுபோல் மார்போடு தூக்கி வருவார். ஜனங்கள் தகர வேலியைத் தட்டி ஓசை எழுப்புவார்கள். வெளியூரில் ஜெயித்த ஆட்டத்துக்கான ஹாம், அணி ஊர் திரும்பியதும் வந்து சேரும்.

கார்லண்ட் ஆட்டத்தைத் தொடங்கும் ஆள் அல்ல. ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் மூன்றுக்கு மேல் அவர் கை தாங்காது. ஆகவே இடது பக்க வேலியோரம், ஆலையின் நிலக்கரிக் குவியலை ஒட்டிப் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். தொடங்கியவர் தளர்ந்தால் மானேஜர் போவன்ஸ் தொப்பியைக் கழற்றி ஆட்டுவார். கார்லண்ட் எழுந்து, கால்சட்டையில் ஒட்டிய கரித்தூளைத் தட்டிவிட்டு, மைதான நடுவிலுள்ள பந்தெறியும் மேட்டை நோக்கி நடப்பார். அந்தக் காலத்தில் இப்படி இடையில் வருகிறவர்களுக்குப் பெரிய மதிப்பில்லை. முழு ஆட்டம் எறிய வக்கில்லாதவர்கள் என்றே பெயர்.

வெற்றியை யார் பெயரில் எழுதுவது என்பதற்கு ஒரு விதி இருந்தது. தொடங்கியவர் ஐந்து இன்னிங்ஸாவது எறிந்து, அணி முன்னால் இருக்கும்போது இறங்கி, அந்த முன்னிலை கடைசிவரை நின்றால் வெற்றி அவருடையது. பின்னால் வந்தவர் அதைக் கோட்டைவிட்டு, ஆட்டம் சமனாகி, அதன்பிறகு சொந்த அணி மறுபடி ரன் எடுத்து ஜெயித்துவிட்டால் வெற்றி பின்னால் வந்தவருக்கு. கெடுத்தவருக்கே பரிசு. ஒழுங்காகக் காப்பாற்றிக் கொடுத்தாலோ அவர் பெயரில் ஒன்றும் ஏறாது. அதை எண்ணி வைக்க ஆட்டத் தாளில் அன்றைக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

அணியில் முதன்மையான பந்தெறிபவர் ஃபர்மன் செட்சர். கார்லண்டின் நண்பர். ஆலைக் குடியிருப்பில் நான்கு வீடு தள்ளி இருந்தார். நீண்ட கைகள், நிதானமான சுபாவம், நான்கு பிள்ளைகள். கார்லண்டுக்குப் பிள்ளைகள் இல்லை. அவரும் மனைவி வெல்மாவும் மட்டும்தான். ஃபர்மனிடம் வண்டி இல்லாததால் இருவரும் கார்லண்டின் பழைய டிரக்கில்தான் மைதானத்துக்குப் போய் வருவார்கள்.

மே மாதத்தில் மூன்று தடவை அது நடந்தது. ஃபர்மன் ஏழெட்டு இன்னிங்ஸ் எறிந்து வைத்த ஆட்டத்தை கார்லண்ட் வந்து சமனாக்கினார். வீவர்ஸ் கடைசியில் ஒரு ரன் எடுத்து ஜெயித்தது. மூன்று ஹாமும் கார்லண்டுக்கு. அணியில் கேலி கிளம்பியது.

"ஃபர்மன் சமைச்சு வைக்கிறான். நம்மாளு கடைசில வந்து துண்டைக் கட்டிக்கிட்டு உக்காந்துடறான்."

"அவன பொணந்தின்னிக் கழுகுன்னு கூப்பிடுங்கடா. செத்ததத் தின்னுட்டுப் போறான்."

"கழுகு வேணாம். ஹாம்னே கூப்பிடுவோம். ஹாம் ரைன்! நல்லால்ல?"

எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது ஃபர்மன்தான்.

ஒருநாள் மாலை கார்லண்ட் அந்த ஹாம்களில் ஒன்றைத் துணிப்பையோடு எடுத்துக்கொண்டு நான்கு வீடு தள்ளிப் போனார். ஃபர்மனின் மனைவி ஆட்டி கதவைத் திறந்தாள். உள்ளே அடுப்பில் பின்டோ பீன்ஸ் கொதிக்கும் வாசனை.

"ஃபர்மன் இல்லையே, கார்லண்ட்."

"உங்களுக்குத்தான். எங்க வீட்ல ரெண்டு பேரு. எவ்வளவுதான் திங்கிறது?"

ஆட்டி பையைத் தொடவில்லை. கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள்.

"எம் புருஷன் ஜெயிச்சா நாங்க ஹாம் சாப்பிடுவோம். இல்லைன்னா பீன்ஸ் சாப்பிடுவோம். எங்களுக்கு ரெண்டும் பழக்கம்தான். வெல்மாவக் கேட்டதாச் சொல்லு."

குரலில் கோபம் இல்லை. கார்லண்ட் ஹாமோடு திரும்பி நடந்தபோது வாசல்களில் உட்கார்ந்திருந்தவர்கள், "என்ன ஹாம், அதையும் காத்து வாங்கக் கூட்டிட்டுப் போறியா?" என்றார்கள். பிறகு வெல்மா அதைத் துண்டு போட்டுத் தேவாலயத்துக்கும் அக்கம்பக்கத்துக்கும் கொடுத்தாள். கோடை முழுக்க தெருவே அந்த ஹாமைத் தின்றது. யாருக்கும் தொண்டையில் சிக்கவில்லை.

இதுவரை நடந்ததில் கார்லண்டுக்கு இருந்தது சங்கடம் மட்டுமே. மோசமாக எறிந்தால் அடிபடத்தான் செய்யும். அது திறமைக் குறைவு, குற்றம் அல்ல. இந்த வித்தியாசத்தை அவர் தெளிவாகவே அறிந்திருந்தார். ஆகஸ்டில் அந்த வித்தியாசம் கைவிட்டுப் போனது.

ஊர்ப் பத்திரிகையில் விளையாட்டுப் பக்கம் எழுதியவரும், ஒவ்வோர் ஆட்டத்தின் அதிகாரபூர்வத் தாளை நிரப்பியவரும் ஒருவரே. பெயர் கிளைட் ஈக்கர். மெலிந்த மனிதர், சட்டைப்பையில் எப்போதும் மூன்று பென்சில். ஆகஸ்ட் தொடக்கத்தில் அவர் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் ஒரு புதுப் பட்டியல் போட்டார். இடையில் வந்து எறிந்து ஜெயித்தவர்களின் வரிசை. முதலிடத்தில் இரண்டு பெயர். லோரி ஷோல்ஸ், ரைன், பன்னிரண்டு. கேட்ஸ் ஃபெரி, ஸ்டவ், பன்னிரண்டு. கார்லண்ட் அதுவரை எந்த வரிசையிலும் முதலில் வந்ததில்லை. பள்ளியிலும் இல்லை, படையிலும் இல்லை. அந்தப் பக்கத்தை அவர் கிழித்து வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அன்று மூன்று முறை படித்தார்.

அடுத்த சனிக்கிழமை பிற்பகல், ஒன்பதாவது இன்னிங்ஸ். ஃபர்மன் எட்டு இன்னிங்ஸ் எறிந்து ஒரு ரன் முன்னிலையோடு இறங்கியிருந்தார். கார்லண்ட் இருவரை அவுட்டாக்கிவிட்டார், இன்னும் ஒருவன் போதும். மூன்றாவது தளத்தில் எதிரணியின் ஓட்டக்காரன் ஒருவன், இன்னும் ஒரு தளம் ஓடினால் அவனுக்கு ரன். கேட்சர் வளைபந்து கேட்டு விரலைக் காட்டினான். கார்லண்ட் தலையசைத்தார். கையைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு கணக்கு அவர் தலைக்குள் தானாக ஓடியது. இவன் அடித்தால் சமன். நம்மவர்கள் ஒன்று எடுத்தால் வெற்றி. பதின்மூன்று.

ஆசைப்பட்டார் என்று சொல்ல முடியாது. எண்ணினார், அவ்வளவுதான். பந்து கையைவிட்டுப் போனது. வளையவில்லை. இடுப்புயரத்தில், நடுவில், பரிமாறி வைத்ததுபோல் போனது. எதிராளி அதை வலது பக்கம் அடித்தான். ஆட்டம் சமன். அடுத்த பாதியில் எதிரணியின் தவறான ஒரு எறியால் வீவர்ஸுக்கு ஒரு ரன் கிடைத்தது. தகர வேலி அதிர்ந்தது. லட்விக் ஹாமோடு வந்தார். முதலில் கைகுலுக்க வந்தவர் ஃபர்மன்.

வளைபந்துகள் சில சமயம் வளையாமல் போகும். எல்லோருக்கும் போகும். ஆனால் அந்தப் பந்து தானாகப் போனதா, அந்த எண்ணம் விரலைத் தளர்த்தியதா என்று கார்லண்டுக்குத் தெரியவில்லை. வேறு யாருக்கும் தெரிய வாய்ப்பில்லை. தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆளுக்கும் தெரியவில்லை.

திரும்பி வரும்போது டிரக்கில் ஹாம் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. கார்லண்ட் சொல்லிப் பார்த்தார்.

"ஃபர்மன், அந்தப் பந்த எறியறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு நெனச்சேன்."

"நீ நெனைக்கவெல்லாம் செய்வியா? சொல்லவே இல்ல."

"வெளையாட்டில்லடா. பதிமூணுன்னு நெனச்சேன்."

ஃபர்மன் ஹாமைத் தட்டிச் சிரித்தார்.

"நாலாவது இன்னிங்ஸ்ல ரெண்டு பேரு தளத்துல நிக்கறப்ப நான் ஆட்டி சுடற பீச் பழப் பலகாரத்தப் பத்தி நெனச்சிட்டிருந்தேன். மேட்ல நின்னா என்னென்னமோ வரும்டா. எவனாவது வேணும்னே பந்த நடுவுல போடுவானா? போய்த் தூங்கு."

அது மன்னிப்பு. ஆனால் கார்லண்ட் செய்ததைவிடச் சிறிய ஒன்றுக்கான மன்னிப்பு. அதை வாங்கிக்கொண்டு அவரால் தூங்க முடியவில்லை.

திங்கட்கிழமை பத்திரிகை அலுவலகத்துக்குப் போய் ஈக்கரைப் பார்த்தார்.

"மிஸ்டர் ஈக்கர், சனிக்கிழமை வெற்றிய செட்சர் பேருக்கு மாத்தி எழுத முடியுமா?"

ஈக்கர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எதுக்கு?"

"அவன்தான் எட்டு இன்னிங்ஸ் எறிஞ்சான்."

"எறிஞ்சாரு. முன்னிலை உங்க கையில போச்சு. அப்புறம் நம்ம ஆளுங்க எடுத்தாங்க. விதி ரொம்பத் தெளிவு. அது உங்களுது."

"நான் சரியா எறியலைங்க."

"அதான் தாள்லயே இருக்கே. ஒரு அடி, ஒரு ரன்."

"இல்ல. எறியறப்ப என் மனசு சரியில்ல."

ஈக்கர் இழுப்பறையைத் திறந்து ஒரு வெற்றுத்தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். கேலியாக அல்ல, உண்மையாகவே உதவ விரும்புகிறவர்போல் பென்சிலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக் காட்டினார்.

"அடி. ரன். பிழை. நடை. மனசுக்கு இதுல கட்டமே இல்லையே, மிஸ்டர் ரைன். இருந்தா எழுதிடுவேன்."

செப்டம்பர் வந்தது. கடைசி ஆட்டம், அமெரிக்காவில் தொழிலாளர் தினமான முதல் திங்கட்கிழமையன்று பிற்பகல், சொந்த மைதானத்தில். ஃபர்மன் பத்தொன்பது வெற்றியில் நின்றார். இரண்டு படி மேலே இருந்த லீக் ஒன்றிலிருந்து ஓர் ஆள் வைக்கோல் தொப்பியோடு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவன் போவன்ஸிடம் சொன்னது ஆட்டம் தொடங்குமுன்பே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இருபது ஜெயித்தவன் என்றால் கையோடு கூட்டிவரச் சொல்லியிருக்கிறார்கள். பத்தொன்பது என்றால் வேறு ஊரிலும் இருக்கிறார்கள். ஃபர்மனுக்கு வயது இருபத்தொன்பது. இன்னொரு ஆண்டு காத்திருந்தால் யாரும் வரமாட்டார்கள்.

கார்லண்டின் பெயரில் அப்போது பதினாறு. கேட்ஸ் ஃபெரியின் ஸ்டவுக்கும் பதினாறு. அவருக்கும் அன்றுதான் கடைசி ஆட்டம்.

"உனக்கு இன்னிக்கு வேலையே இருக்காது, ஹாம்," என்றார் ஃபர்மன், ஷூ கயிற்றைக் கட்டியபடி. "நிலக்கரி மேல படுத்துத் தூங்கு. ஒம்பதையும் நானே முடிச்சிடறேன்."

"முடி. உனக்குப் புண்ணியமாப் போவும்."

ஃபர்மன் எட்டு இன்னிங்ஸ் முடித்தார். மூன்றுக்கு இரண்டு என்று வீவர்ஸ் முன்னால். ஒன்பதாவதில் ஒருவன் அவுட். பிறகு ஒரு அடி, ஒரு நடை, அதாவது நான்கு பந்து விலகிப் போனதால் அடிக்காமலே கிடைத்த தளம். இரண்டு தளங்களில் ஆள். ஃபர்மனின் பந்து மேலேறத் தொடங்கியிருந்தது, களைத்த கையின் அடையாளம். போவன்ஸ் மேட்டுக்கு நடந்து வந்து தொப்பியைக் கழற்றி ஆட்டினார்.

கார்லண்ட் எழுந்தார். கரித்தூளைத் தட்டினார். மேடு வரைக்கும் ஐம்பது அறுபது காலடிகள் இருக்கும். நடந்த முழு நேரமும் அவர் தன் வலது கையைப் பற்றியே யோசித்தார், பக்கத்தில் நடந்துவரும் இன்னொரு ஆளைப் பற்றி யோசிப்பதுபோல. சமனாகி ஜெயித்தால் பதினேழு என்ற கணக்கு அவர் கூப்பிடாமலேயே வந்து நின்றது. வேண்டாம் என்று நினைத்தார். நினைத்ததாலேயே அது இன்னும் பெரிதானது. ஈக்கர் தாள் நிரப்பும் மேசைக்கு அருகில் ஆணியில் அன்றைய ஹாம் தொங்கிக்கொண்டிருந்தது.

மேட்டில் ஃபர்மன் பந்தை நீட்டினார். "ரெண்டே பேருதான்டா. கீழயே வச்சுக்க."

கார்லண்ட் பந்தை வாங்கவில்லை.

"என்னால முடியாது," என்றார் போவன்ஸைப் பார்த்து. "கை போயிடுச்சு."

"போயிடுச்சா? எப்ப?"

"இப்பதான். பெஞ்சுல எறிஞ்சு பாத்தப்ப. தோள்ல ஏதோ கிழிஞ்ச மாதிரி."

"யோவ், இப்ப வந்து சொல்றியே! நான் யாரப் போய்க் கூப்பிடறது?"

ஃபர்மன் பந்தை மறந்துவிட்டார். கார்லண்டின் முழங்கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்தார். "ரொம்ப வலிக்குதாடா? அசைக்காத. அசைக்காத. அப்படியே வச்சுக்க." அவர் முகத்தில் இருந்தது கவலை மட்டும்தான். இருபதாவது வெற்றி காலடியில் நின்றது. அவர் நண்பனின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு வழியில்லாமல் போவன்ஸ், ஆலையில் லாரி ஓட்டுகிற முப்பத்தெட்டு வயது இடதுகைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டார். அவர் எறிந்த இரண்டாவது பந்தே வேலியில் போய் மோதியது. இரண்டு ரன். தளங்களில் நின்றவர்கள் ஃபர்மன் விட்டுப்போனவர்கள் என்பதால் விதிப்படி தோல்வி ஃபர்மனின் பெயரில். வீவர்ஸ் அதற்குமேல் எடுக்கவில்லை. வைக்கோல் தொப்பிக்காரன் கடைசி அவுட்டுக்கு முன்பே எழுந்து போய்விட்டான்.

கார்லண்ட் பெஞ்சில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அணியில் அந்த இருவரை அவுட்டாக்கக்கூடிய ஆள் அவர் ஒருவர்தான். அது அவருக்குத் தெரியும், போவன்ஸுக்குத் தெரியும், ஃபர்மனுக்கும் தெரியும். நண்பனைக் காப்பாற்ற விலகினாரா, தன் கையில் கறை படாமலிருக்க விலகினாரா? முதலாவது என்று சொல்லிக்கொள்ள அவர் முயன்றார். ஆனால் நண்பனைக் காப்பாற்றும் வழி பந்தை வாங்கி எறிவதுதான்.

அன்று ஹாம் யாருக்கும் உரியதல்ல. ஆனால் லட்விக்குக்கு இளகிய மனசு. ஜனங்கள் கலையத் தொடங்கும் முன்பு அவர் அதை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு நேராக பெஞ்சுக்கு வந்தார்.

"இன்னிக்கு ஜெயிக்கல. இருந்தாலும் ஊருக்காகக் கையையே குடுத்த மனுஷனுக்கு இது சேரட்டும்!" என்று உரக்கச் சொன்னார்.

தகர வேலி முழங்கியது. எழுந்து நின்று தட்டினார்கள். பதினேழாவது ஹாம். கார்லண்ட் அதை வலது கையால் வாங்கப் போனார். சட்டென்று நினைவு வந்து இடது கையை நீட்டினார். கனம் தாங்காமல் பை நழுவியது. பக்கத்திலிருந்து தாங்கிப் பிடித்தவர் ஃபர்மன்.

"விடு, நான் தூக்கிட்டு வரேன்," என்றார். டிரக் வரைக்கும் அவரே தூக்கி வந்தார்.

ஆலை மருத்துவர் தோளை அமுக்கிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. தெரியாததை நரம்பு என்று எழுதிக்கொடுத்தார். குளிர்காலத்தில் லீக் அலுவலகம் பருவத்தின் எல்லாத் தாள்களையும் வாங்கிச் சரிபார்த்தபோது, ஜூன் மாதத்து ஆட்டம் ஒன்றில் ஸ்டவின் பெயருக்கு எழுதிய வெற்றி தவறு என்று கண்டு வேறொருவருக்கு மாற்றியது. ஆக, 1949 பருவத்தில் இடையில் வந்து ஜெயித்தவர்களில் முதலிடம் கார்லண்ட் ரைனுக்கு மட்டும். வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டவரைத் தேடி அது தபாலில் வந்தது. வசந்தத்தில் இரண்டு அணிகள் கடிதம் எழுதின. கை சரியாகவில்லை என்று இரண்டுக்கும் பதில் போட்டார். ஒரு பொய்யைச் சொல்ல ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. அதை உடம்பில் சுமக்க மிச்ச ஆயுள் வேண்டியிருந்தது.

ஆலையில் பஞ்சு வாரும் பிரிவில் சேர்ந்தார். மதிய உணவு டப்பாவை இடது கையில் தூக்கினார். தேவாலயத்தில் கதவை இடது கையால் திறந்தார். தெருவில் உருண்டுவரும் பந்தைக் காலால் தள்ளிவிட்டார். ஃபர்மன் தறிகளைச் சரிசெய்யும் வேலையில் இருந்தார். ஆண்டுக்கு ஒருமுறை யாராவது "பத்தொன்பது" என்று பேச்செடுப்பார்கள். "ஆமா, ஒண்ணு கொறஞ்சு போச்சு. எனக்கு எப்பவும் எண்ணத் தெரியாது," என்பார். ஒவ்வொரு குளிர்காலமும் முதல் உறைபனி விழுந்த வாரத்தில் ஆலை வாசலில் கார்லண்டை நிறுத்துவார்.

"கை எப்படிடா இருக்கு?"

"பரவால்ல."

"குளிர்ல இழுக்கும். ஆட்டி இந்தத் தைலம் குடுத்தா. ராத்திரில தேச்சுக்க."

இருபத்துநான்கு குளிர்காலங்கள், இருபத்துநான்கு பாட்டில்கள். கார்லண்ட் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. ஒன்றைக்கூட எறியவும் இல்லை. கொட்டகை அலமாரியில், முன்பு ஹாம்கள் தொங்கிய கொக்கிகளுக்குக் கீழே, வரிசையாக நின்றன.

வெல்மாவுக்கு எவ்வளவு தெரியும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒருநாள் அவர் கொல்லையில் தண்ணீர் நிறைந்த இரும்புக் கொப்பரையை வலது கையால் தூக்குவதைப் பார்த்து நின்றாள்.

"இந்தக் கை வீட்ல மட்டும் நல்லாத்தான் வேலை செய்யுது," என்றாள்.

அவர் கொப்பரையைக் கீழே வைத்தார். அவள் துணியை உலர்த்தப் போய்விட்டாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

1974-இல் பழைய மைதானத்தைப் புதுப்பித்தார்கள். வேலியில் ஒரு பலகை வைத்து, லீக்கில் முதலிடம் பிடித்த ஊர்க்காரர்களின் பெயர்களை எழுதினார்கள். பெயர்கள் அதிகமில்லை. திறப்பு விழாவில் முதல் பந்தை கார்லண்ட் ரைன் எறிய வேண்டும் என்று முடிவாயிற்று. இரண்டு முறை மறுத்தார். மூன்றாவது முறை ஃபர்மனே வந்தார்.

"நீ எறிய வேணாம்டா. பந்தக் கையில வச்சுக்கிட்டு நாலு அடி நட. நான் கிட்ட வந்து வாங்கிக்கறேன். போட்டோ புடிச்சதும் போயிடலாம். சரியா?"

"சரி," என்றார் கார்லண்ட்.

அடுத்த மூன்று வாரங்கள் மாலை வேளைகளில் கொட்டகைக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. பலகையில் ஏதோ வந்து மோதும் சத்தம். முதல் நாட்களில் தாறுமாறாக, பிறகு ஒரே இடத்தில். வெல்மா ஜன்னலை மூடிக்கொண்டு வானொலியைச் சற்று உரக்க வைத்தாள்.

விழா நாளில் வெயில் நன்றாக இருந்தது. பெயரை அறிவித்ததும் "ஹாம்! ஹாம்!" என்று கத்தினார்கள். லட்விக்கின் பேரன்கள் வேலியைத் தட்டினார்கள். கார்லண்ட் மேட்டில் ஏறினார். இடது கையில் பந்து. ஃபர்மன் கையுறையோடு பத்தடி தூரத்தில் வந்து நின்றார்.

கார்லண்ட் தலையசைத்தார். வேண்டாம் என்று, பின்னால் போகச் சொல்லிக் கை காட்டினார்.

"என்னடா?"

"பின்னால போ."

ஃபர்மன் சிரித்துக்கொண்டே ஐந்தடி போனார். கார்லண்ட் இன்னும் என்று காட்டினார். இன்னும். கடைசியில் ஃபர்மன் கேட்சரின் இடத்துக்கே வந்துவிட்டார். ஜனங்கள் ஏதோ வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். ஃபர்மன் விளையாட்டாகக் குந்தி உட்கார்ந்து கையுறையைத் தாழப் பிடித்தார்.

கார்லண்ட் பந்தை வலது கைக்கு மாற்றினார். விரல்களைத் தையல்மேல் வைத்தார். கையைத் தலைக்குமேல் தூக்கி எறிந்தார்.

ஐம்பத்திரண்டு வயதுக்காரரின் பந்து, பெரிய வேகமில்லை. ஆனால் இடுப்புயரத்தில் வந்து, கடைசி நேரத்தில் வளைந்து, முழங்காலுக்குக் கீழே இறங்கி, ஃபர்மன் பிடித்திருந்த கையுறைக்குள் விழுந்தது. கையுறையை அவர் அசைக்க வேண்டியிருக்கவில்லை.

தகர வேலி இடிந்துவிடும்போல் முழங்கியது. அதிசயம் என்று ஒருவர் கத்தினார். ஃபர்மன் எழுந்திருக்கவில்லை. குந்தியபடியே கையுறைக்குள் இருந்த பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி, மேட்டில் நின்ற நண்பனின் தோளைப் பார்த்தார்.

கார்லண்ட் வலது கையை மறைக்கவில்லை. இறங்கி, நேராக அவரை நோக்கி நடந்தார். எழுந்துகொள்ள உதவியாக அந்தக் கையை நீட்டினார்.

ஏன் அப்படி எறிந்தார் என்று வெல்மா கேட்டாள், பத்திரிகைக்காரர் கேட்டார், போதகர் கேட்டார். அவர் யாருக்கும் சொல்லவில்லை. அந்த ஆண்டு உறைபனி விழுந்த வாரத்தில் ஃபர்மன் ஆலை வாசலில் அவரை நிறுத்தினார். கையில் பாட்டில் இல்லை. கையைப் பற்றிக் கேட்கவும் இல்லை. கார்லண்டின் வலது கையில் இருந்த உணவு டப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டு, "உள்ள போலாமா?" என்றார். இருவரும் உள்ளே போனார்கள்.